தேவகுமாரி கையெழுத்துப் போடவில்லை

இல்லீங்க, அது நடக்காத கதை. ஒரு குளிர்காலம் பூராவும் என் மருமகள் மெஷினில் பின்னித் தள்ளினாள், ஊருக்கெல்லாம் ஸ்வெட்டர் விற்றாள், மெஷின் தேய்ந்து போன பிறகு கம்பெனிக்காரன் தலையில் கட்டப் பார்த்தாள் என்கிறீர்களே, அவள் அதில் பின்னிய ஸ்வெட்டர் எத்தனை என்று யாராவது கேட்டீர்களா? ஒன்று. அதற்கும் ஒரு கைதான் உண்டு. இன்னொரு கை பாதியில் பிரிந்து தொங்குகிறது. நம்பாதவர்கள் என் ஊட்டுக்கு வாருங்கள், எடுத்துக் காட்டுகிறேன். குளிருக்கு ஆகும் என்றால் போட்டும் பார்க்கலாம்.

இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது பக்கத்து ஊட்டுச் சின்னத்தாயி. குழாயடியில் குடம் நிரம்புகிற நேரத்துக்குள் ஒரு குடும்பத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். கெட்டவள் இல்லை. என் காலில் முள் குத்திச் சீழ் பிடித்தபோது வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் அவள்தான். ஆனால் வாய்க்கு வேலை வேண்டும் அவளுக்கு. எனக்கு எழுதப் படிக்க வராது. அதனால் நான் சொல்கிறதைச் சொன்னபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் சின்னத்தாயிக்கும் படித்துக் காட்டுங்கள்.

தேவகுமாரி என் மருமகள். கிளியூரில் பிறந்தவள், என் மகன் மரியஜோசப்பைக் கட்டிக்கொண்டு செம்மநத்தத்துக்கு வந்தாள். மாமியார் வாயிலிருந்து மருமகளைப் பற்றிக் குறைதான் வரும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். குழம்பில் புளியை அள்ளிப் போடுவாள். ஒரு காரியம் சரியில்லை என்று மனதில் பட்டால், சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அதைத்தான் பார்ப்பாள். அவ்வளவுதான் குறை.

அவள் குணம் எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துபோனது. ஒண்டிக்கடையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற ஜாபர் அலி பாயிடம் கல்யாணப் பட்டு எடுத்தோம். பெண் ஊட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால், இவள் அதை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்திருக்கிறாள். முந்தானை ஓரத்தில் நூல் அறுந்திருக்கிறது. மடித்து, மாப்பிள்ளை ஊட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கழுத்தில் தாலி ஏறுவதற்குள் இப்படியா என்று கேட்டுக்கொண்டே கடைக்குப் போனேன். பாய் சேலையைப் பார்த்தார், வேறு எடுத்துக் கொடுத்தார். "கொறை எங்க கடைச் சேலையிலீங்க, பொண்ணு மேல இல்லீங்க" என்றார்.

எங்கள் ஊட்டுக்கு வந்ததும் என்னோடு எஸ்டேட்டுக்கு வந்தாள். காப்பிக் கொட்டை பொறுக்குகிற வேலை. நாள் பூராவும் குனிந்து உட்கார்ந்து கருப்புக் கொட்டையைத் தனியாகப் பிரிக்க வேண்டும். சாயங்காலம் கணக்கு எழுதுகிற ரைட்டர் நிறுத்துப் பார்ப்பார். நாங்கள் எல்லாம் தராசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முந்தானையை உதறுவோம். இவள் மட்டும் முள் நிற்கிற வரைக்கும் தராசையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ரைட்டருக்கு அது பிடிக்காது. அவருக்குப் பிடிக்காமல் போனதே இவளுக்குப் பிடிக்காது.

மிஷன் ஸ்கூலில் எட்டாவது வரை படித்தபோது கன்னியாஸ்திரிகளிடம் ஊசிப் பின்னல் பழகியிருக்கிறாள். ராட்டினம் மாதிரி ஓடும் கை. ஊட்டில் எல்லோருக்கும் அவள் பின்னியதுதான். டவுனில் போர்டிங் ஸ்கூல் நடத்துகிற சிஸ்டர் ஒருத்தர் என் மகன் போட்டிருந்த ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டு யார் பின்னியது என்று விசாரித்தார். கையால் பின்னினால் எங்கள் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் காணாது, மெஷின் ஒன்று வாங்கிவிடு, ஜூன் மாசம் ஸ்கூல் திறக்கும்போது நீல ஸ்வெட்டர் அத்தனையும் உன்னிடமே எடுத்துக்கொள்கிறேன் என்றார். தேவகுமாரி அன்றைக்குத் தூங்கவில்லை. மெஷினுக்குப் பணம் வேண்டுமென்று அம்மா ஊட்டில் போட்ட கம்மலைக் கழற்றினாள். அந்த வருசக் கொட்டை சீசன் முடிந்ததும் ரைட்டரிடம் போய், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவர் நல்லது என்றார். திரும்ப வந்தால் இடம் கிடையாது என்றும் சொன்னார். அதனால் மெஷின் ஓடினால் அவளுக்குப் பிழைப்பு, ஓடாவிட்டால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

வாரப் பத்திரிகையில் விளம்பரம் பார்த்து எழுதிப் போட்டாள். எங்கேயோ வடக்கே இருக்கிற கம்பெனி, சேலத்தில் ஒரு ஏஜெண்ட். புத்தம் புது நிட்டிங் மெஷின், ஊடு தேடி வரும் என்று போட்டிருந்தது. வந்தது போஸ்டாபீசுக்கு, வி.பி.பி.யில். முதலில் முழுப் பணத்தையும் கட்ட வேண்டும், பிறகுதான் பெட்டி கைக்கு வரும். கட்டுவதற்கு முன்னால் பிரித்துப் பார்க்கட்டுமா என்று இவள் கேட்டாளாம். கத்தரிக்காய்க் கடையா இது என்று போஸ்ட் மாஸ்டர் சிரித்தாராம். கத்தரிக்காயைக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறோம், இதற்கு ஏன் கூடாது என்று ஊட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்.

பெட்டி வந்ததா. ஆனால் நாங்கள் அதைப் பிரிக்கவில்லை. எங்கள் வழக்கம் தெரிந்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. புது மண்வெட்டியோ, அடுப்போ, சைக்கிளோ, எது வாங்கினாலும் ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்காமல் அதில் வேலை தொடங்க மாட்டோம். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அப்படி. பிழைப்புக்கு வாங்கிய பொருள் என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஃபாதர் மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவார். பெட்டி வந்த நேரம் அந்த மாசப் பூசை முடிந்து போயிருந்தது. அடுத்த மாசம் அவர் தியானத்துக்குப் போய்விட்டார். அதுவரைக்கும் பெட்டி கட்டிலுக்கு அடியில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. மரியஜோசப் ஒரு நாள் கயிற்றை அவிழ்க்கப் போனான், நான்தான் கையில் ஒன்று போட்டேன். ஏனுங்க, அது தப்பா? நான் தப்பென்று சொல்ல மாட்டேன். நாங்கள் எப்படிச் சீவிக்கிறோம் என்று கேட்டுவிட்டுத்தான், குறை இருந்தால் இத்தனை நாளுக்குள் சொல்லிவிட வேண்டும் என்று கம்பெனிக்காரன் நாள் குறித்தானா?

ஃபாதர் வந்தார், மந்திரித்தார். மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு தேவகுமாரி பின்ன உட்கார்ந்தாள். நீளமாகப் பலகை, அதில் வரிசையாக ஊசிகள், மேலே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளுகிற ஒரு வண்டி. தள்ளத் தள்ள ஒரு வரிசை பின்னிக்கொண்டே வரும். முதுகுப் பக்கம் பின்னும்போதே அந்த வண்டி நடுவில் விக்கியது. விக்கிய இடத்தில் கண்ணி விட்டது. புது மாடு, பழகட்டும் என்று சொல்லிக்கொண்டு, விட்ட கண்ணியைக் கையால் எடுத்து மாட்டினாள். முன்பக்கம் பின்னும்போது இன்னும் மோசம். இரண்டாவது கை பாதி ஆகும்போது வண்டி ஒரேயடியாகச் சிக்கிக்கொண்டது. ஊசி இரண்டு வளைந்தது. தன் கைதான் சரியில்லையோ என்று பிரித்துப் பிரித்துப் பின்னினாள் பாவம். பிறகுதான் கம்பெனிக்கு எழுதினாள். மெஷின் ஓடவில்லை, வேறு மாற்றித் தாருங்கள் என்று.

பதில் இங்கிலீசில் வந்தது. சிஸ்டர் படித்துச் சொன்னார். சாமான் கைக்கு வந்து குறித்த நாளுக்குள் நீங்கள் சொல்லவில்லை, அதோடு மெஷினைப் பயன்படுத்தியும் விட்டீர்கள், பழகிய சாமானை நாங்கள் திரும்ப எடுப்பதில்லை என்று எழுதியிருந்தான். தேவகுமாரி சிஸ்டரிடமே கேட்டிருக்கிறாள், பழகாமல் கெட்டுப்போனது எப்படித் தெரியும் சிஸ்டர், பெட்டிக்குள்ளேயே வைத்துப் பார்த்தால் தெரியுமா என்று. சிஸ்டர் நியாயம்தான் என்றார். ஆனால் ஜூன் மாசம் நெருங்குகிறது என்றும் சொன்னார்.

செய்தி ஊருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் இந்தப் பேச்செல்லாம். சின்னத்தாயி பேசியது ஒரு பக்கம் என்றால் உபதேசியார் ஆரோக்கியதாஸ் இன்னொரு பக்கம். ஃபாதர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் செபம் நடத்துகிறவர் அவர். மந்திரித்த பொருளைத் திருப்பி அனுப்புவது ஆண்டவர் கொடுத்த ஆசீர்வாதத்தையே திருப்பி அனுப்புகிற மாதிரி என்று செபம் முடிந்து வெளியே வந்து நான்கு பேர் முன்னால் சொல்லிவிட்டார். நான்கு பேர் நாற்பது பேரானார்கள். அவள் நடந்து போனால் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். அது பேசுவதைவிட மோசம்.

அடுத்த பூசைக்கு வந்த ஃபாதரிடம் இவளே நேரில் கேட்டாள். அவர் தன் ஜீப்பைக் காட்டினார். "இதையும் நான்தாம்மா மந்திரிச்சேன். மாசம் தவறாம ஒர்க்‌ஷாப்புக்குப் போவுது. ஆசீர்வாதம் வேற, கியர் பாக்ஸ் வேற" என்றார். உபதேசியார் பக்கத்தில்தான் நின்றார். அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

அப்புறம் ஒரு நாள் நூல் வாங்கிய வகையில் நின்ற பாக்கியைக் கொடுக்கப் போன இடத்தில் ஜாபர் அலி பாயிடம் சொல்லியிருக்கிறாள். அவர்தான் கன்ஸ்யூமர் கோர்ட்டு என்று ஒன்று சேலத்தில் வந்திருப்பதைச் சொன்னவர். வாங்கின சாமான் சரியில்லையென்றால் அங்கே போய் எழுதிக் கொடுக்கலாம், வக்கீல் வேண்டாம், நீயே பேசலாம் என்றிருக்கிறார். கடைக்காரரே இப்படிச் சொன்னால் நாளைக்கு அவர் மேலேயே யாராவது போய் எழுதிக் கொடுக்க மாட்டார்களா என்று நான் அவரிடமே கேட்டேன். எழுதிக் கொடுக்கட்டுமுங்க, கெட்ட சாமான் வித்தால் நானும் போய் நிற்க வேண்டியதுதான் என்றார். மொதல்ல கம்பெனிக்கும் ஏஜெண்டுக்கும் ரிஜிஸ்தர் தபாலில் எழுதிப் போடு, அதற்கும் மசியவில்லை என்றால் கோர்ட்டுக்குப் போகலாம் என்று வழியும் சொல்லி அனுப்பினார்.

இவள் எழுதிப் போட்டாள். பதில் வருகிற வரைக்கும் சும்மா இருக்க முடியாமல், வளைந்த ஊசியை நிமிர்த்தலாம் என்று மெஷினைக் குப்புறப் போட்டுத் தகட்டைக் கழற்றினாள். ஊசிகளுக்கு அடியில் பஞ்சு வைத்த ஒரு பட்டை இருக்கிறது. அதை உருவினதும் என்னைக் கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. போய்ப் பார்த்தேன். பட்டை பூராவும் சிவப்பு நூல் தும்பு. மயிர் மாதிரி ஒட்டிக் கெட்டியாகப் போயிருந்தது. தேவகுமாரி வாங்கியதெல்லாம் நீல நூல். சிவப்பு நூல் எங்கள் ஊட்டுக்குள் வந்ததே கிடையாது.

புரிகிறதா? பழகிய சாமான்தான். கம்பெனிக்காரன் எழுதியதில் அது ஒன்று மட்டும் நெசம். ஆனால் பழகியது என் மருமகள் இல்லை. எவளோ ஒருத்தி பின்னிப் பின்னிக் களைத்துப்போட்டதை வாங்கி, மேலே பெயிண்ட் அடித்து, புதுப் பெட்டியில் போட்டு எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவள் அந்தத் தும்பைக் கிள்ளவில்லை, துடைக்கவில்லை. அப்படியே பட்டையைத் திரும்பச் சொருகித் தகட்டை மூடினாள். எனக்கு ஊரைக் கூட்டிக் காட்ட வேண்டும் போல இருந்தது. வேண்டாம் அத்தை என்றாள். யாரிடம் காட்ட வேண்டுமோ அவர்களிடம் காட்டினால் போதும் என்றாள்.

இனிதான் நீங்கள் எல்லோரும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிற அந்த நாள். புருசனை எதிர்த்துக்கொண்டு ஊட்டை விட்டுப் போனாள் என்கிறீர்கள். போனாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். எப்படிப் போனாள் என்று நான் சொல்கிறேன்.

ரிஜிஸ்தர் தபால் போய்ச் சேர்ந்ததும் சேலத்து ஏஜெண்ட் வாடகைக் காரில் செம்மநத்தத்துக்கே வந்துவிட்டான். நல்ல சட்டை, நல்ல பேச்சு. கூடவே உபதேசியார். கார் வந்ததைப் பார்த்துச் சின்னத்தாயியும் இன்னும் நான்கு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஊட்டுக்கு வந்தவன் எவனாக இருந்தாலும் காப்பி உண்டு.

ஏஜெண்ட் சொன்னது இதுதான். கோர்ட்டெல்லாம் எதற்கு, வருசக்கணக்கில் அலைய வேண்டும். மெஷினை நான் எடுத்துப் போய் இலவசமாகவே ரிப்பேர் செய்து ஜூன் மாசத்துக்குள் கொண்டுவந்து தருகிறேன். நீங்கள் இந்தக் காகிதத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மரியஜோசப் கேட்டான். சும்மா ஒரு சம்பிரதாயம் என்றான் அவன். தேவகுமாரி வாங்கிப் படித்தாள். மெஷின் நல்ல நிலையில்தான் வந்தது, நான் சரியாகப் பயன்படுத்தாததால் கெட்டுவிட்டது, கம்பெனி மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை என்று தமிழிலேயே டைப் அடித்திருந்தது.

போட்டுவிடு என்றார் உபதேசியார். போட்டுக் குடுத்துரு தேவு, ஸ்வெட்டர் வேலை நிக்காம நடக்கும் என்றான் என் மகன். அவனைக் குறை சொல்ல மாட்டேன், ஊட்டில் அரிசி அளவு குறைந்துகொண்டே வந்தது அவனுக்குத் தெரியும். வாசலில் நின்றவர்களும் போடு போடு என்று தலையை ஆட்டினார்கள். வேண்டாம் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும், எல்லோரும் அதை அவள் வாயால் கேட்கட்டும் என்று இருந்தேன்.

அவள் மெஷினைத் திருப்பித் தகட்டைக் கழற்றினாள். பட்டையை உருவி ஏஜெண்ட் மடியில் வைத்தாள்.

"இது என்ன நூலுங்க?"

அவன் பார்த்தான். வேர்த்துவிட்டது. அனுப்புமுன்னே கம்பெனியில் ஓட்டிப் பார்த்திருப்பார்கள் என்றான்.

"இவ்வளவு தும்பு சேர்ற வரைக்கும் ஓட்டிப் பாத்தாங்களா? அப்ப பழகினது நீங்கதானுங்களே. பழகின சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோமுன்னு எனக்கு எழுதினீங்க. பழகின சாமானைப் புதுசுன்னு எனக்கு எப்படிங்க வித்தீங்க?"

வாசலில் நின்ற சின்னத்தாயி எட்டிப் பார்த்தாள். தும்பைத்தான் பார்த்தாள்.

ஏஜெண்ட் குரலை மாற்றிக்கொண்டான். சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு, கையெழுத்துப் போடு, ரிப்பேர் இல்லை, புது மெஷினே தருகிறேன் என்றான். அப்போது எனக்கே மனசு ஆடியது, நெசத்தைச் சொன்னால். புது மெஷின். ஜூன் மாசம். நீல ஸ்வெட்டர். மரியஜோசப் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"காயிதத்துல இருக்கறத மாத்தி எழுதித் தருவீங்களா? பழைய மெஷினை அனுப்பினது எங்க தப்புன்னு?"

அது முடியாது என்றான். கம்பெனி ஒத்துக்கொள்ளாது.

"அப்ப நானும் ஒத்துக்க முடியாதுங்க. நான் கெடுத்தேன்னு நானே எழுதிக் குடுத்தா, இவுங்க பேசுனதெல்லாம் நெசமுன்னு ஆயிரும். இந்த மெஷினை நாளைக்கு இன்னொருத்திக்குப் புதுசுன்னு அனுப்புவீங்க. அவளுக்குத் தகட்டைக் கழட்டிப் பாக்கத் தெரியுமோ என்னமோ."

காகிதத்தை மடித்து அவன் காப்பி டம்ளருக்கு அடியில் வைத்தாள். பட்டையை வாங்கி அதன் இடத்தில் சொருகினாள். கட்டிலில் கிடந்த கம்பளியை எடுத்து மெஷினைச் சுற்றினாள், கயிறு போட்டுக் கட்டினாள். பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டது. மரியஜோசப் எழுந்து, இத்தனை பேர் முன்னால் இப்படிப் போகாதே, அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது என்றான். நீங்களும் வாங்க என்றாள். அவன் உட்கார்ந்துவிட்டான். அதைப் பற்றி நான் அவனிடம் பிறகு பேசினேன், அது எங்கள் ஊட்டுப் பேச்சு, இங்கே வேண்டாம்.

முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு கூட்டித் தலையில் வைத்தாள். மெஷின் நீளம், கனம், ஒரு ஆள் தானே தூக்கித் தலையில் ஏற்ற முடியாது. குனிந்தபடி சுற்றிலும் பார்த்தாள்.

"அத்தை, கொஞ்சம் தூக்கி உடுங்க."

உபதேசியார் என்னைப் பார்த்தார். ஏம்மா, பெரியவங்க நீங்க சொல்லி நிறுத்தக் கூடாதா என்றார். நான் ஒரு கோடியைப் பிடித்தேன், அவள் ஒரு கோடியைப் பிடித்தாள். தூக்கி அவள் தலையில் வைத்தேன். கழுத்து ஒரு தடவை நடுங்கியது, பிறகு நின்றது.

எங்கே போகிறீர்கள் என்று ஏஜெண்ட் கேட்டான்.

"சேலத்துக்குங்க. கோர்ட்டுல உங்களையும் கூப்பிடுவாங்க. காப்பியைக் குடிச்சுட்டு மெதுவா வாங்க."

எங்கள் ஊட்டுக் கதவு குறுகல். மெஷின் நேராக வெளியே போகாது. தேவகுமாரி பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடக்கி, ஒரு கோடி வெளியே போனதும் மறு கோடியைப் பார்த்துப் பார்த்து நகர்த்தி, நிலையில் இடிக்காமல் வெளியே வந்து நிமிர்ந்தாள். வாசலில் நின்றவர்கள் தாமாகவே இரண்டு பக்கமும் விலகினார்கள். அவள் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.